கம்பு வந்துவிட்டது, பயிற்சி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ணார்பேட்டை, திருநெல்வேலி சந்திப்பு, பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பகுதிகளில் சில ஆண்டுகளாக எழும்பிவரும் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் தனியார் மருத்துவமனைகளும் முகப்பு முழுவதையும் கண்ணாடியால் மூடிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கண்ணாடிகளைத் துடைக்கும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்துவருபவன் நான். இந்த வேலைக்கென்று அண்மையில் நம் ஊருக்கு வந்துசேர்ந்திருக்கும் தண்ணீர் ஏறும் நீளக்கம்பு என்ற கருவியைப் பற்றியும், கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் அது படும் பாட்டைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாம் மாடி, நான்காம் மாடிக் கண்ணாடியைத் துடைக்க ஏணி, சவுக்குக் கம்புச் சாரம், மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறக்கும் பலகை ஆகியவற்றைத்தான் இதுவரை நம்பியிருந்தோம். பலகையில் உட்காரும் பையனுக்கு இடுப்பில் வார் இருக்கும். அந்த வாரை மாட்ட மாடியில் உறுதியான கொக்கி இருக்காது, தண்ணீர்த் தொட்டியின் குழாயிலோ ஏ.சி. வைத்திருக்கும் இரும்புச் சட்டத்திலோ கட்டியிருப்பார்கள். இதற்கு மாற்றாக வந்திருப்பதுதான் அந்த நீளக்கம்பு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, தேவைக்கேற்ப இழுத்து நீட்டக்கூடிய அலுமினியம், கிளாஸ் ஃபைபர் அல்லது கார்பன் ஃபைபர் கம்பின் உச்சியில் ஒரு பிரஷ் இருக்கும். சிறு ட்யூப் வழியாக மேலேறும் தண்ணீர் அந்த பிரஷ்ஷின் துளைகளில் பீச்சும். துடைப்பவர் தரையில் நின்றபடியே தேய்த்து அலசிவிட்டு அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்துவிடலாம். சோப்பு வேண்டியதில்லை, துணியும் வைப்பரும் வேண்டியதில்லை. கண்ணாடியை ஈரமாகவே விட்டுவிட்டு வருவதுதான் முறை என்று சொன்னால், முதல்முறை கேட்பவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உயரப் பணி விதிமுறைகள், ஏறாமல் செய்ய முடிந்த வேலையை ஏறாமலே செய்ய வேண்டும் என்பதை முதற்கடமையாக வைத்தன. அங்கே இந்தக் கம்பு பரவியதற்கு அந்த விதிமுறைகளும் ஒரு முக்கியக் காரணம்.

ஈரமாக விட்ட கண்ணாடி பளிச்சென்று காய்வதற்குக் காரணம் அதில் படும் தண்ணீரின் சுத்தம். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மெக்னீசியம், உப்பு ஆகியவற்றின் மொத்த அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. குடிக்கப் பழுதில்லாத, 500 காட்டும் தண்ணீர் ஒரு லிட்டர் கண்ணாடியில் காய்ந்தால் அரை கிராம் உப்பு அங்கேயே தங்கிவிடும். ஒரு சொட்டைக் கவனித்தாலே இது புரியும்: வெயிலில் அது ஓரத்திலிருந்து சுருங்கி, கடைசியில் வெள்ளை வளையம் ஒன்றை விட்டுவிட்டு மறையும். எங்கள் வேலைக்கு டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். 10-ஐத் தாண்டிவிட்டால் புள்ளிகளை எதிர்பார்க்கலாம். பொதிகையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணித் தண்ணீரில் உப்பு குறைவு என்றாலும், அதுவும் பூஜ்யம் அல்ல. நகரத்துப் பல கட்டடங்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலோ சோப்பு நுரைப்பதே அரிது. ராதாபுரம் பக்கம் கேட்கவே வேண்டாம். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் ருசிக்காகக் கொஞ்சம் தாதுக்களை வைத்துக்கொண்டிருப்பதால் அவையும் உதவா. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோமோ, கண்ணாடிக்கும் அதுதான் வேண்டும்.

அந்தத் தண்ணீரைத் தயாரிக்க, முதலில் மண்ணையும் குளோரினையும் பிடிக்கும் ஃபில்டர்கள், பிறகு ஆர்.ஓ. மெம்பரேன், கடைசியில் கரைந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் என்ற சிறு மணிகளை நிரப்பிய உருளை என்று வரிசையாக மாட்ட வேண்டும். குளோரினை முன்னாலேயே நிறுத்தாவிட்டால் மெம்பரேன் கெட்டுவிடும். கரைந்திருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மெம்பரேனே பிடித்துவிடும். மிச்சத்தை ரெசின் எடுக்கும். செலவுக்குப் பயந்து மெம்பரேனை விட்டுவிட்டு, மீட்டரில் ஆயிரம் காட்டும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நேராக ரெசினுக்குள் விட்டால் அது சீக்கிரத்திலேயே தீர்ந்துபோகும். தீர்ந்த ரெசினிலிருந்து மீன் கவிச்சி போன்ற ஒரு வாடை வருவதுண்டு. ஆனால் மூக்கை நம்பியிருக்காமல், காலையில் முதல் கண்ணாடியைத் தொடுமுன் பிரஷ்ஷிலிருந்து வரும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை நனைத்துப் பார்ப்பதே சரியான பழக்கம்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், நகரத்தில் ஒரு வணிக வளாகத்தில் நான் நேரில் கண்டதுதான். கம்பை இணையத்தில் வரவழைத்து, போர் மோட்டார் குழாயில் நேராகச் சொருகி, உச்சிவெயிலில் முகப்பு முழுவதையும் கழுவியிருக்கிறார்கள். மாலையில் கண்ணாடி முழுதும் அம்மை போட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகள். "தண்ணி ஏறுது, பிரஷ்ஷும் தேய்க்குது, பொறவு எதுக்கு அண்ணாச்சி வெள்ளை வெள்ளையா நிக்கி?" என்று அங்கிருந்த மேலாளர் என்னிடம் கேட்டார். விளக்கம் சொன்னேன், ஆர்.ஓ., ரெசின் விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். கம்பு இப்போது ஜெனரேட்டர் அறையில் கிடக்கிறது, பையன்கள் மறுபடியும் பலகையில் தொங்குகிறார்கள். பழி கம்பின்மேல் விழுந்துவிட்டதால், இனி பக்கத்துக் கடைக்காரரும் அதை வாங்கத் துணிய மாட்டார்.

தண்ணீர் சரியாக அமைந்தாலும் கை பழக வேண்டும். கம்பு செங்குத்தாக நிற்கும்வரை பாரம் தெரியாது. சாயச் சாயப் பாரம் முழுவதும் தோளுக்கும் இடுப்புக்கும் வந்துவிடும். ஆகவே எங்கே நிற்பது, காலை எப்படி மாற்றி வைப்பது, எப்போது சுவரை நெருங்குவது என்பதிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். கண்ணாடியைத் தொடுமுன் மேல்சட்டத்தைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் இடுக்கில் அடைந்திருக்கும் தூசி, அலசி முடித்த கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். தண்ணீர் படலமாகப் பரவி நிற்கும் கண்ணாடி ஒரு வகை, முத்து முத்தாக உருண்டு நிற்கும் கண்ணாடி இன்னொரு வகை. முதல் வகையில் பிரஷ்ஷை ஒட்டியபடியே அலசலாம்; இரண்டாவதில் பிரஷ்ஷைச் சற்று விலக்கி, மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஓடவிட வேண்டும். சூடேறிய கண்ணாடியில் அழுக்குத் தண்ணீர் அலசுவதற்குள் காய்ந்துவிடும் என்பதால், காலையில் மேற்கு முகப்பையும் பிற்பகலில் கிழக்கு முகப்பையும் எடுப்பது நல்லது. நெடுநாள் கவனிக்கப்படாத கண்ணாடியை முதல்முறை இரண்டு தடவையாவது கழுவ வேண்டியிருக்கும்.

கம்பால் ஆகாத வேலைகளும் உண்டு. மேல்தொட்டி நிறைந்து வழிந்து வழிந்து கண்ணாடியில் ஏறிப்போன சுண்ணாம்புக் கறை சுத்தத் தண்ணீருக்கு அசையாது. சிமெண்டுத் தெறிப்பும் பெயின்ட் துளியும் அப்படியே. அவற்றுக்குக் கைவேலைதான். இதை ஒப்பந்தம் பேசும்போதே கட்டட உரிமையாளரிடம் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது மின்சாரம். விதிப்படி 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். குறுகலான தெருவில் நின்று பத்து மீட்டர் கம்பை நிமிர்த்துபவனுக்கு அது எட்டிவிடும் தூரம். அலுமினியமும் கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். கிளாஸ் ஃபைபர் கடத்தாது என்று விற்பவர்கள் சொல்வது காய்ந்த, சுத்தமான கம்புக்குத்தான் பொருந்தும். அழுக்குத் தண்ணீர் வழியும் கம்பை அந்தப் பேச்சை நம்பி உயர்த்தக் கூடாது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்று படித்த பையன் ஒருவன் வாதாடினான். கண்ணாடித் தூசியைத் தொட்ட கணத்திலேயே அது சுத்தமான தண்ணீராக இருப்பதில்லை. கம்பிக்கு அருகில் வேலை என்றால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும், முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிட வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் நீட்டிய கம்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது என்பதால், அந்த மாதங்களில் வேலையை விடியற்காலைக்கு மாற்றுவதே உத்தமம்.

ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீர் வீண்தானே என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஒரு பிரஷ் நிமிடத்துக்கு ஓரிரு லிட்டரே செலவழிக்கும் என்றாலும், அதைத் தயாரிக்க அதைவிடக் கூடுதலான தண்ணீர் கழிவாகப் போகக்கூடும். அந்தத் தண்ணீரில் உப்பு கூடுதல் என்பதைத் தவிர வேறு குற்றமில்லை. தனித் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் வாகன நிறுத்தத்தைக் கழுவவும் பயன்படுத்தலாம். அதைச் சாக்கடைக்குள் விடும் ஒப்பந்ததாரருக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

ஆகவே என் கோரிக்கை, பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் இதற்கென ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதே. குடும்பப் பொறுப்பால் இரண்டு ஆண்டுப் படிப்பில் சேர முடியாத, ஏற்கெனவே கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு அதில் முதலிடம் தர வேண்டும். தண்ணீரைச் சோதிப்பது, மெம்பரேனையும் ரெசினையும் மாற்றுவது, தரைத்தளக் கண்ணாடியில் தொடங்கி மாடி மாடியாகக் கம்பை நீட்டிப் பழகுவது, மின்கம்பியின் தூரத்தைக் கண்ணால் கணிப்பது ஆகியவை பாடத்தில் இருக்க வேண்டும். இதே கம்பும் இதே தண்ணீரும் சூரிய மின்தகடுகளைக் கழுவவும் உதவும் என்பதால், படித்து வருபவர்களுக்கு நகரத்துக்கு வெளியேயும் வேலை இருக்கும். அதுவரை, கண்ணாடி முகப்புக் கட்டடங்களின் உரிமையாளர்கள் ஒப்பந்தம் போடுமுன் ஒப்பந்ததாரரிடம் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டச் சொல்ல வேண்டும். கம்பு எட்டாத உயரத்துக்கு ஆளைக் கயிற்றில் இறக்கத்தான் வேண்டுமென்றால், மொட்டைமாடியில் வாரை மாட்ட உறுதியான இரும்புக் கொக்கிகளைத் தங்கள் செலவிலேயே பதித்துக்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணாடித் துப்புரவு ஒப்பந்ததாரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.