எடுக்கிறன் எண்டு சொல்லாதை

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள தம்பி,

நேற்று விடியப்புறம் மருமகள் கொழும்பிலையிருந்து வந்து இறங்கினவ. கனடா விசாவுக்கான மெடிக்கல் முடிஞ்சுதாம். இரவு முழுக்க பஸ்சிலை நித்திரை இல்லை. முகத்தைக் கழுவி, சீலை மாத்திக்கொண்டு ஏழரைக்கு முதல் பள்ளிக்கூடம் போயிட்டா. ஓ.எல். சோதினை எடுக்கப்போற பிள்ளையளுக்குப் பாடம் பிந்துதாம். நான் கட்டிக் குடுத்த புட்டைத்தான் இடைவேளைக்குச் சாப்பிட்டிருப்பா.

ஒரு சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுறன். அண்டைக்கு வீடியோவிலை என்னோடை கதைச்சுக்கொண்டிருக்கேக்கை, பக்கத்திலை நிண்ட கூட்டாளிக்கு "மனுசியை எடுக்கிற அலுவலிலை நிக்கிறன்" எண்டு சொன்னனி. ஸ்பொன்சர் பண்ணி வெளிநாட்டுக்குக் கூப்பிடுறதை ஊரெல்லாம் அப்பிடித்தான் சொல்லுது, உன்னிலை பிழை பிடிக்கேல்லை. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குள்ளை வந்தால் என்ன செய்யும் எண்டு நான் கண்டிருக்கிறன். எங்கட சொந்தத்துக்குள்ளையே ஒரு பிள்ளை. கனடா போய் நாலு வருஷமாகியும், வாய் திறந்து ஏதும் கேட்டால் "நான் எடுக்காட்டி நீ இப்பவும் கிணத்தடியிலைதான்" எண்டு புருசன் சொல்லுறானாம். அவள் போனிலை தாயோடை அழுததை நான் பக்கத்திலை இருந்து கேட்டனான். தாய்க்கு நான் என்னத்தைச் சொல்ல?

நீ கையெழுத்து வைச்ச ஸ்பொன்சர் பேப்பரை மருமகள் எனக்குத் தமிழிலை சொல்லிக் காட்டினவ. அவவுக்குப் பி.ஆர்., அதுதான் அங்கை நிரந்தரமா இருக்கிற உரிமை, கிடைச்ச நாளிலையிருந்து 3 வருஷம் சாப்பாடு, உடுப்பு, இருக்கிற இடம் எல்லாம் உன்ர பொறுப்பு. இடையிலை பிரிஞ்சாலும் அது நீங்காது. அந்த வாக்கை நீ அரசாங்கத்துக்குத்தான் குடுத்தனி. அவ உனக்குக் கடன்படேல்லை.

முந்தி, 2012 இலை கனடாவிலை ஒரு சட்டம் கொண்டுவந்தவங்கள். புதுசாக் கட்டி, பிள்ளை இல்லாமல் போறவை 2 வருஷம் ஒண்டா இருந்தால்தான் பி.ஆர். நிலைக்கும். அடி வாங்கிக்கொண்டும், திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ எண்ட பயத்திலை அந்த வீட்டிலையே கிடந்த பொம்பிளையள் இருந்தவை. 2017 இலை அதை நிப்பாட்டினது நல்ல காரியம். சட்டமே வேண்டாம் எண்டு விட்ட பயத்தை நீ வீட்டுக்குள்ளை கொண்டுவராதை, ராசா. அவ வெறுங்கையோடை வரேல்லை. அரசாங்க வேலை, பென்சன், தனிச்சிருக்கிற தாய், எல்லாத்தையும் விட்டிட்டு வாறா.

இன்னொண்டு. வேலையை இப்பவே விடச் சொல்லி ரெண்டு தரம் கேட்டியாம். கேக்காதை. விசா கையிலை வரட்டும். அந்தப் பிள்ளையளைச் சோதினையிலை இருத்திப்போட்டுத்தான் விலகுவன் எண்டு நிக்கிறா. அதிபரிட்டை எப்ப சொல்லுறது எண்டதை அவவே முடிவெடுக்கட்டும்.

சனிக்கிழமை அவ இங்கை நிப்பா. உனக்கு வெள்ளி இரவு, எங்களுக்கு விடிஞ்சிருக்கும். கோல் எடு. என்னோடை பிறகு கதைக்கலாம், முதல் அவவோடை கதை.

அம்மா