எஸ்.எஸ். சங்கிலின்னதும் நம்பிராதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். உவரி, கூத்தங்குழி பக்கம் போட்டுக்காரங்க நங்கூரத்துக்கு எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சங்கிலி வாங்கும்போது பளபளப்ப மட்டும் பாக்காதீங்க, 304 கிரேடு உப்புத்தண்ணிக்கு தாங்காது, 2லேருந்து 3 சதவீதம் மாலிப்டினங்கிற உலோகம் சேர்ந்த 316 தான் கேக்கணும், காந்தம் வச்சுல்லாம் ரெண்டையும் பிரிக்க முடியாது, அதனால டெஸ்ட் சர்ட்டிபிகேட்ட கேட்டு வாங்குங்க அண்ணாச்சி. அதுக்காக 316 ஒண்ணும் சாகாவரம் வாங்கிட்டு வரல. சேத்துக்குள்ளயே புதைஞ்சு கெடந்தா ஆக்சிஜன் கெடைக்காம ஊசி குத்துன மாதிரி ஓட்ட விழும், வெல்டு ஓரத்துல பழுப்புக் கறை தெரிஞ்சா அந்த வளையத்த தேச்சுப் பாத்துரணும். நல்லதண்ணில கழுவுங்க. சங்கிலியையும் நங்கூரத்தையும் மாட்டுற ஷாக்கிள் வளையத்தோட பின்ன கம்பி போட்டுக் கட்டாம விட்டா அலையில ஆடி ஆடி கழண்டுரும், அதுக்கு சங்கிலிய ஏசி என்ன செய்ய? காசு கம்மின்னா துத்தநாகம் பூசுன நல்ல கால்வனைஸ் சங்கிலியே வாங்குங்க, மட்டமான எஸ்.எஸ்.ஸுக்கு அது எவ்வளவோ மேல்.

- வாசகர், திசையன்விளை