நான்கு நாளும் பினாங்கிலேயே இருங்கள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமு,

இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இவருக்கு வேலை மாற்றம் வரும் வரும் என்கிறார்கள், வரக் காணோம். உன் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம் தோழி பென்சில் சொன்னாள். நீ ஏன் சொல்லவில்லை என்பதை நேரில் வந்ததும் கேட்டுக்கொள்கிறேன்.

மே மாதம் பிள்ளைகளோடு வருகிறாய் என்று படித்ததும் இவரை எழுப்பிச் சொன்னேன். தூக்கத்திலேயே, நம் அரட்டைக்கு இவர் வைத்த பெயரைச் சொல்லி, "தயிர்சாத மாநாடா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளுக்குக் குறையாமல் மாநாடு நடந்தாக வேண்டும்.

அப்புறம் உன் வீட்டுக்காரர், நம் அண்ணா, போட்ட பயணத் திட்டத்தைத் திறந்து பார்த்தேன். கோமு, அதைக் கிழித்துப் போடு. முதல் நாள் கோலாலம்பூரில் இறங்கி இரட்டைக் கோபுரம், அன்று மாலையே பத்துமலை, மறுநாள் கெந்திங் மலை, மூன்றாம் நாள் ரயிலேறிப் பினாங்கு, நான்காம் நாள் லங்காவித் தீவு. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் இருந்து எங்களுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வருவதற்கே ரயிலில் நாலு மணி நேரம் போல ஆகும். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்துமலையின் 272 படிகளையும் வெயில் தாழ்ந்த பிறகு அவசரமாக ஏறி இறங்கி, அடுத்த இடத்துக்கு ஓடுவதற்கா முருகனைப் பார்க்க வேண்டும்? பதினாறு வயதுப் பெண்ணையும் பதின்மூன்று வயதுப் பையனையும் "கிளம்பு, கிளம்பு" என்று விரட்டுவதை நீ வீட்டிலேயே தினமும் செய்கிறாய். அதற்கு விமானம் ஏறி வர வேண்டாம்.

2024 டிசம்பரில் இருந்து சென்னையில் இருந்து நேராகப் பினாங்குக்கே இண்டிகோ விமானம் வருகிறது. சுமார் நாலரை மணி நேரம். நேராக இங்கே வந்து இறங்குங்கள், நாலு நாளும் இங்கேயே இருங்கள். கோலாலம்பூர் எங்கும் போய்விடாது.

இப்போது நான் உண்மையிலேயே எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் ஹோட்டல் வாடகைக்கும் டிக்கெட் விலைக்கும் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய். "பெரியவள் இப்போதெல்லாம் என்னோடு பேசுவதே இல்லை, எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், இதுவும் அவளுக்குப் பிடிக்காமல் போனால் நான் என்ன செய்வேன்" என்று. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் அண்ணன் பிள்ளைகள் போன டிசம்பரில் வந்திருந்தார்கள். பையனுக்குப் பதினைந்து, பெண்ணுக்குப் பதினேழு. அண்ணி பார்க்க வேண்டிய இடங்களைப் பார்க்கவே இல்லை, பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்படி இருக்கு? நல்லா இருக்கா? பிடிச்சிருக்கா?" கொம்தார் கட்டடத்தின் 68ஆம் மாடியில் அந்தக் கண்ணாடி நடைபாதை இருக்கிறதே, காலுக்குக் கீழே ஊரே தெரியும், அங்கே நின்றுகொண்டு அவன் "ம்" என்றான். அவ்வளவுதான். அண்ணி முகம் சுருங்கிப் போய்விட்டது. அன்று ராத்திரி அவன் தன் போனை என்னிடம் காட்டினான். அங்கிருந்து கீழே போகும் பஸ்களையும், கடலுக்குள் நகரும் ஃபெரியையும் நிமிடக் கணக்கில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அந்த இடம் அவனுக்கு நன்றாகவே பிடித்திருந்தது. அம்மா முகத்துக்கு நேராக நின்று கேட்கும்போது அதைச் சொல்லத்தான் அவனுக்கு வரவில்லை.

நாமும் அப்படித்தானே இருந்தோம். மாமல்லபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது யார்? அப்புறம் கடற்கரைக் கோவிலைவிட்டு வர மாட்டேன் என்று நின்றது யார்? உன் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூரப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் எனக்கு ஒரு சத்தியம் செய்துகொடு. இந்த நாலு நாளும் "பிடிச்சிருக்கா" என்று கேட்க மாட்டாய். அண்ணாவையும் கேட்க விட மாட்டாய். அவர்கள் முகத்தைப் பார்க்காதே, நீ பார்க்க வேண்டியதைப் பார். உனக்கு எது பிடிக்கிறதோ அதன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமோ நில்.

இன்னொன்று. இங்கே கடிகாரம் நம் ஊருக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஒன்பது என்றால் அவர்கள் உடம்புக்கு ஆறரை. இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால் அவர்களுக்கு ராத்திரி ஒன்பதரைதான் ஆகியிருக்கும், கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். காலையில் எழுப்பிச் சண்டை போடாமல் தூங்க விட்டுவிட்டு, ராத்திரியைப் பிடித்துக்கொள். பினாங்கும் ராத்திரி ஊர்தான். மத்தியானம் வெயிலில் நடக்க முடியாது, இருட்டிய பிறகுதான் தெருவெல்லாம் அடுப்பு எரியும்.

அண்ணன் பெண்ணுக்கு இந்த ஊர் பிடித்துப்போனது ஒரு சார் குவே தியாவ் (சட்டியில் வதக்கும் நூடுல்ஸ்) கடையில்தான். கோவிலும் மியூசியமும் அவளை அசைக்கவில்லை. அந்தக் கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். கருகருவென்று ஒரு இரும்புச் சட்டி. எண்ணெய் புகையும் வரை காத்திருந்து பூண்டு, இறால், பிறகு தட்டை அரிசி நூடுல்ஸ், சோயா தண்ணீர், ஒரு முட்டை, முளைகட்டிய பயறு, கடைசி நொடியில் சிப்பிச் சதையும் பூண்டுத் தழையும். ஒரு தட்டுக்கு ஒரு தடவை. பத்துப் பேர் நின்றாலும் இரண்டு தட்டைச் சேர்த்துப் போட மாட்டார், சட்டியின் சூடு இறங்கிவிடும் என்று. இவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ராத்திரியும் அங்கேயே போகலாம் என்றாள். போனோம். (சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், உங்களுக்கு வேண்டாம் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளலாம். எது எப்படி என்று எனக்குத் தெரியும், கவலைப்படாதே.)

சின்னவனுக்கு நாசி கண்டார் போதும். நம் தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோள்கம்பில் தூக்கித் தெருத்தெருவாக விற்ற சோறு. காம்பெல் தெருவில் இருக்கும் ஹமீதியா 1907இல் தொடங்கியது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்ல வேண்டும், "பஞ்சிர்" (மலாயில் வெள்ளம்) என்று கேட்டால் சோறு மிதக்கும். அசாம் லக்சாவை மட்டும் அவர்கள் மேல் திணிக்காதே. மீனை உதிர்த்துப் போட்ட புளிக் குழம்பு, மேலே புதினாவும் அன்னாசியும் வெள்ளரியும், அதற்கும் மேலே கறுப்பாக ஒரு இறால் விழுது. எனக்கே அது பிடிக்க ஒரு வருஷம் ஆனது. நீ சாப்பிடு, அவர்கள் உன் கிண்ணத்தில் இருந்து ஒரு கரண்டி எடுத்தால் எடுக்கட்டும்.

ஒரு நாளை முழுக்கத் தெலுக் பஹாங்குக்கு ஒதுக்கு. எஸ்கேப் என்ற பூங்கா. அங்கே மரங்களுக்கு நடுவே மலைச்சரிவில் இறங்கும் ஒரு குழாய்ச் சறுக்கு இருக்கிறது, 1,111 மீட்டர் நீளம், உலகிலேயே நீளமானது என்று 2019இல் கின்னஸில் ஏறியது. ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தால் கீழே வர நாலு நிமிடம் போல ஆகும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நாலு நிமிடம் சறுக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுவோம். திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளை வை. போகும்போது கிராப் டாக்ஸி வேண்டாம், 101ஆம் எண் பஸ்ஸில் போகலாம், கடலோரமாகவே போகும். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பதைப் பெரியவள் பார்த்துக்கொள்ளட்டும். போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு நம்மையெல்லாம் அவள் நடத்திப் போகட்டும், ஒரு நிறுத்தம் தப்பினாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பினாங்கு மலைக்கு வார நாளில் போக வேண்டும், வாரக் கடைசியில் மலை ரயிலுக்கு நிற்கும் கூட்டத்திலேயே பாதி நாள் போய்விடும். மேலே காட்டுப் பாதையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் இருக்கும். தாய் கறுஞ்சாம்பல், குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறம். அதைக் காட்ட விரல் நீட்டாதே, பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் வரைந்த அந்தச் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று எல்லோரும் எடுக்கும் படத்தையே எடுக்கப் பெரியவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். விட்டுவிடு. அந்தச் சந்துகளில் சும்மா நடந்தால் போதும்.

இனி அண்ணாவின் தாத்தா விஷயம். அதை நீ எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறாய் என்று புரிகிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிக் கடலில் நாள் கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து, பினாங்குத் தெருவில் செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கு எழுதின மனுஷர். அவர் பேரனின் பிள்ளைகள் அந்தத் தெருவில் கால் வைக்க வேண்டும் என்று நீ நினைப்பது நியாயம். நானும் அதற்காகவே காத்திருக்கிறேன். ஆனால் அதை ஒரு நிகழ்ச்சியாக ஆக்காதே. நிற்க வைத்துப் பேசாதே. சாயந்திரம் சாப்பிடப் போகிற வழியில் அந்தத் தெருவில் நடப்போம். பூக்கடை, பாத்திரக்கடை, பட்டுக்கடை, எல்லாக் கடையிலும் பாட்டு. "உங்கள் கொள்ளுத் தாத்தா இந்தத் தெருவில்தான் வேலை பார்த்தார்" என்று ஒரு வாக்கியம் சொல். அதோடு நிறுத்து. கேட்டால் மேலே சொல். கேட்காவிட்டால் அவர் கதை எங்கும் போகாது, பத்து வருஷம் கழித்து அவளே உனக்குப் போன் பண்ணி "அது எந்தத் தெரும்மா" என்று கேட்பாள். நீ வராவிட்டாலும் அவள் தனியாக வந்து நிற்பாள், அது எனக்கு நிச்சயம்.

பேசவே மாட்டேன் என்கிறாள் என்றாயே, அதற்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவளை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை ஃபெரியில் அக்கரை போய் வா. பட்டர்வொர்த்தில் பார்க்க எதுவும் வேண்டாம், போய்த் திரும்பினால் போதும். ஆளுக்கு 2 ரிங்கிட், கால் மணி நேரம் போல. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதிரில் உட்கார்ந்தால் வராத பேச்சு அப்படி உட்கார்ந்தால் வரும். இன்ஜினியரிங் படிக்கப் பிடிக்கவில்லை என்று அண்ணன் பெண் என்னிடம் சொன்னது அங்கேதான், வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது அப்போது. உன் பெண் ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். இருக்கட்டும். நீயும் எதுவும் கேட்காமல் அவளோடு கால் மணி நேரம் இருந்தாய் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் காலேஜ், ஹாஸ்டல் என்று போய்விடுவாள் கோமு. இந்த மே மாதம் உனக்குக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, வேலைகள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, 2026 டிசம்பர் வரை அந்தச் சலுகை இருக்கிறது, முப்பது நாள் வரை தங்கலாம். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நாலு பேருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், அதைச் சின்னவனிடம் ஒப்படை. மே கடைசியில் இங்கேயும் பள்ளி விடுமுறை வந்துவிடும், எல்லா இடமும் நெரியும், அதனால் மாத நடுவிலேயே வந்துவிடப் பார். ஹோட்டலில் இரண்டு அறை எடு, பிள்ளைகள் ஒரு அறையில் இருக்கட்டும், கதவைத் தட்டாமல் உள்ளே போகாதே. டுரியான் வரத் தொடங்கியிருந்தால் எங்கள் வீட்டு வாசலில் வைத்து வெட்டிக்கொள்ளலாம், ஹோட்டலுக்குள் விட மாட்டார்கள்.

அம்மாவிடம் மோர்மிளகாய் கேட்டு வாங்கி வா. பென்சில் கொடுத்தனுப்புவதாகச் சொன்ன புடவையையும் மறக்காதே. தேதி முடிவானால் உடனே எழுது, நான் லீவு சொல்ல வேண்டும். கெந்திங் வேண்டாம் என்று அண்ணாவிடம் நீ சொல்கிறாயா, இவரைப் பேசச் சொல்லட்டுமா?

உன்,
சாந்தி