அரிசி கொடுத்த பாட்டிக்கும், தேடி வந்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

படகில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் நலம். இந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் காத்திருந்தீர்கள் என்பது பசிபிக் தீவு நாடான கிரிபாஸின் (Kiribati) தலைநகர் தெற்குத் தராவா வந்து போனைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. கணக்கெடுப்புக்குப் போன எங்கள் குழு கடலில் காணாமல் போய், மீன்பிடிப் படகுக்காரர்கள் கையில் கிடைத்துக் கரைசேர்ந்ததை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதை இன்னொரு முறை எழுத எனக்கு இப்போது மனமில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். கைப் புண் இன்னும் ஆறவில்லை, எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் இதை நாளைக்குத் தள்ளிப்போட முடியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் பெரியது. அதில் முதல் ஆள் ஒரு பாட்டி. அவருடைய பெயரையும் தீவையும் சொல்ல மாட்டேன். எங்கள் வேலையில் அது சத்தியம் செய்து கொடுத்த விஷயம். ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து நாங்கள் கேட்பது எதுவும் அந்த வீட்டின் அடையாளத்தோடு வெளியே வரக் கூடாது. பசிபிக்கில் இது இன்னும் கடுமையான விதி. நியுவே நாட்டில் மொத்த ஜனமே இரண்டாயிரத்துக்கும் குறைவு. இப்படிப்பட்ட இடங்களில் "இந்த வயது, இந்தத் தொழில், இந்த ஊர்" என்று அட்டவணை போட்டாலே அது யார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அதனால் அச்சுக்குப் போகும் முன் கட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுவோம். இதை எழுதலாமா என்று பாட்டியிடமே கேட்டேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், மற்றதை எழுது என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

கிரிபாஸ் நாட்டின் நிலம் முழுவதையும் சேர்த்தால் 811 சதுர கிலோமீட்டர்தான். இரண்டு சென்னை மாநகராட்சி அளவுகூட வராது. அந்த நிலம் 33 தீவுகளாக உடைந்து, ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலில் கிடக்கிறது. அந்தக் கடல் இந்தியாவைவிடப் பெரியது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் சுமார் 1,20,000 பேர். பாதிக்கு மேல் தெற்குத் தராவாவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். மீதிப் பேரைப் பார்க்க வேண்டுமென்றால் சின்ன விமானம், இல்லாவிட்டால் படகு. இதே நாட்டின் கிரிஸ்மஸ் தீவு தராவாவிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 1995-இல் சர்வதேசத் தேதிக்கோட்டை மாற்றும் வரைக்கும் இந்த நாட்டின் ஒரு பக்கத்தில் ஒரு தேதி, மறு பக்கத்தில் இன்னொரு தேதி. அப்படிப்பட்ட நாட்டில் 1985 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஜனத்தொகையை எண்ணி முடிக்கிறார்கள். கணக்கெடுப்பு என்றதும் எல்லோரும் படிவத்தையும் கணினியையும் நினைக்கிறார்கள். இங்கே முதலில் டீசல், அப்புறம் காற்று, அப்புறம்தான் படிவம்.

நாங்கள் போனது ஜனத்தொகை எண்ணுவதற்கு அல்ல. குடும்ப வரவு செலவுக் கணக்கெடுப்பு. ஒரு வீடு எதைச் சாப்பிடுகிறது, எதைக் காசு கொடுத்து வாங்குகிறது, எதைக் கடலிலிருந்து பிடிக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது, யாரிடமிருந்து வாங்குகிறது என்பது வரை கேட்போம். விலைவாசிக் குறியீட்டில் அரிசிக்கு எவ்வளவு பங்கு, மீனுக்கு எவ்வளவு பங்கு என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. வறுமைக் கோட்டை எங்கே போடுவது என்பதும் இதிலிருந்துதான். முன்பெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டைக் கொடுத்து இரண்டு வாரம் எழுதச் சொல்வார்கள். முதல் நாள் பக்கம் நிறைய இருக்கும், போகப் போக வெற்றிடமாகிவிடும். இப்போது கையில் டேப்லெட்டோடு போய்க் கடந்த ஏழு நாள் கணக்கை நேரில் கேட்கிறோம். தீவுகளில் இணையம் சரியாகக் கிடைக்காது. அதனால் பதில்கள் அந்தக் கருவிக்குள்ளேயே இருந்து, திரும்பி வந்த பிறகுதான் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அந்தக் கருவிகள் கடலோடு போய்விட்டன என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு ஊரின் பதில்கள் முழுவதும் போய்விட்டன. வேறு ஊருக்குப் போய்க் கேட்டால் ஆகாதா என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆகாது. எந்த வீடு என்பதைக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம். எடுத்த ஒவ்வொரு வீடும் கேட்கப்படாத பல வீடுகளுக்காகப் பேசுகிறது. நமக்கு வசதியான வீட்டை நடுவில் மாற்றினால் அந்தப் பேச்சு பொய்யாகிவிடும். ஆக, அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒருமுறை சொன்ன எல்லாவற்றையும் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அதை நினைத்து எனக்குக் கடலைவிட அதிகமாகப் பயம் வந்தது.

மீன்பிடிப் படகுக்காரர்கள் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அதே தீவில். பாட்டி வீட்டில்தான் எங்களைப் படுக்க வைத்தார்கள். தூண்கள் மேல் உயர்த்திக் கட்டி, தாழை ஓலை வேய்ந்த, சுவரில்லாத பரண் அது. முதலில் கமைமையை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தார். தென்னங்கள்ளைப் புளிக்கும் முன்பே காய்ச்சிப் பாகாக எடுத்து வைத்திருப்பார்கள், அதுதான் கமைமை. தொண்டைக்குள் அது இறங்கிய அந்த ஒரு வாய் எனக்கு இந்த ஜன்மத்துக்கும் மறக்காது. அப்புறம் மீனும் சோறும். மறுநாளும் சோறு. நாங்கள் எழுந்து நடமாடும் வரைக்கும் வேளாவேளைக்குச் சோறு.

அரிசி அங்கே விளையாது. கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதம், கடையில் அரிசி தீர்ந்துபோய் நாளாகிவிட்டது, பாட்டி வீட்டில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான் என்பதெல்லாம் பேத்தி ஒருத்தி எங்கள் குழுப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு அந்த வீட்டார் சீமைப்பலாவும் பபாய் என்கிற சேம்புக் கிழங்கும் சாப்பிட்டிருக்கிறார்கள். பாட்டி வாயிலிருந்து இது பற்றி ஒரு சொல் வரவில்லை.

மறுபடி கேட்க ஆரம்பிக்க வேண்டிய நாளும் வந்தது. எந்த வீட்டிலிருந்து தொடங்குவது என்று நாங்கள் தயங்கி நின்றபோது, பாயில் உட்கார்ந்தபடியே பாட்டி கூப்பிட்டார். "முதலில் என்னைக் கேள்." அவர் வீடும் பட்டியலில் உள்ள வீடுதான்.

எங்கள் குழுப் பெண் கேட்டாள். அதே தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தவள், இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவள், இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தாள். மீன் எத்தனை கோவை, தேங்காய் எத்தனை, கள் எத்தனை போத்தல் என்று கேள்விகள் வரிசையாகப் போயின. பாட்டி பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. கடந்த ஏழு நாளில் இந்த வீட்டைச் சேராத யாருக்காவது அரிசி கொடுத்தீர்களா, எவ்வளவு கொடுத்தீர்கள்?

"யாருக்கும் இல்லை."

கேட்டவளும் நானும் அந்த அரிசியைச் சாப்பிட்டவர்கள். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது பயிற்சியில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கேள்வியை மட்டும் இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள். பாட்டி கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "ஒரே கூரையில் படுத்து ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு என்று போன தடவை நீதானே சொன்னாய்? இந்தப் பிள்ளைகள் இங்கேதான் படுத்தார்கள், இங்கேதான் சாப்பிட்டார்கள். வீட்டு ஆட்களுக்குப் போட்டதைக் கொடுத்தது என்று எப்படிச் சொல்வேன்?"

கையேட்டின்படி அது சரியான பதில் அல்ல. வழக்கமாக எங்கே வசிக்கிறார், எத்தனை மாதமாக என்றெல்லாம் பார்க்க வேண்டும். கருவியில் என்ன பதிவானது என்பதைச் சொல்ல மாட்டேன், அது எங்கள் தலைமை அலுவலகத்தோடு. அந்தப் பெண்ணால் அடுத்த கேள்விக்குப் போக முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். பாட்டி எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்து, "சரி, கேள்" என்றார். மீதியை முழுவதும் முடித்தோம். ஒரு கேள்வியைக்கூட அவர் விடச் சொல்லவில்லை.

பசிபிக் தீவுகளில் நான் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து, கொடுத்ததும் பெற்றதும் பற்றிய பகுதிதான் எங்களுக்குக் கடினமானது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்கிற வழக்கம் கிரிபாஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு மீன் கரைக்கு வந்து அடுப்புக்குப் போவதற்குள் மூன்று வீட்டுக்குப் பங்காகிவிடும். அதைத் தராசில் வைப்பதற்குள் பாதி போயிருக்கும். கப்பலில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் எத்தனை கை மாறுகிறது என்று அந்தக் குடும்பத்துக்கே தெரியாது. இதையெல்லாம் அளக்கும் சிக்கலாகத்தான் நாங்கள் கூட்டங்களில் பேசுவோம். எந்தச் சிக்கலைப் பற்றி இத்தனை காலம் பேசினோமோ, அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அந்தப் பகுதியைச் சுருக்கலாம், செலவு மிச்சமாகும் என்று இனி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுருக்குவதற்கு வேறு எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன.

பாட்டிக்கு அடுத்தபடியாக அந்த ஊரின் உனிமானேக்கள், அதாவது முதியவர்கள். நாங்கள் காணாமல் போன இரவு மனேயாபாவில், அதாவது ஊர்ப் பொதுக்கூடத்தில், ஊரைக் கூட்டி விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார்களாம். திரும்பி வந்த பிறகு அதே மனேயாபாவில், இரண்டாம் தடவை கேட்க வருகிறார்கள், எல்லோரும் ஒத்துழையுங்கள் என்று சொன்னதும் அவர்களே. ஒரு வீடுகூட மறுக்கவில்லை. எங்களைக் கண்டெடுத்த மீன்பிடிப் படகுக்காரர்கள் தங்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள். வானத்தில் தேடிய விமானக்காரர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. மருந்தகத்து நர்ஸ், இரவெல்லாம் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர், வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே கிடந்த தராவா நண்பர்கள், புதுக் கருவிகளைத் தயார்செய்து குலுக்கலில் எடுத்த அதே வீடுகளின் பட்டியலை மறுபடி ஏற்றிக் கொடுத்த, நியூ கலிடோனியாவின் நுமேயாவில் இருக்கும் நண்பர்கள், இவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஊரில் என் அம்மாவைத் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்து, செய்தி எதுவும் இல்லாத நாளிலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் வருகிறேன்.

பணம் அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: கப்பல் வந்ததும் நாங்களே அந்த ஊருக்கு அரிசி மூட்டைகள் அனுப்பிவிட்டோம், பாட்டி வீட்டுக்கு என்று தனியாக இல்லாமல் மனேயாபாவுக்கு. தனியாக அனுப்பினால் அவர் கோபித்துக்கொள்வார் என்று எங்கள் குழுப் பெண்தான் சொன்னாள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தியாவில் 2027 கணக்கெடுப்புக்காக உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒருவர் வருவார். பெரும்பாலும் பள்ளி ஆசிரியராக இருப்பார், எத்தனையோ படி ஏறி இறங்கி வந்திருப்பார். உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.

இனி என் பங்கு. நான் கையெழுத்துப் போடும் எந்தக் களப்பணித் திட்டத்திலும் இரண்டாவது படகும், ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்கும் இடம் காட்டும் கருவியும் முதல் பக்கச் செலவாக இருக்கும். நிதி குறைந்தால் கேள்விகளைக் குறைப்போம், அவற்றைக் குறைக்க மாட்டோம். இன்னொன்று: பதில்களை வாங்கிக்கொண்டு போகிறோம், முடிவுகள் எங்கோ ஒரு தலைநகரத்தில் புத்தகமாக வருகின்றன, சொன்னவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. இந்தக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியானதும் அந்தத் தீவுக்குப் போய், மனேயாபாவில் அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். தராவா அலுவலகம் சம்மதித்துவிட்டது. படிக்கப் போவது எங்கள் குழுப் பெண். நான் கூட இருப்பேன்.

நன்றியோடு,
கணக்கெடுப்புக் குழுவில் ஒருவன்
தெற்குத் தராவா