வயசை மட்டும் போடாதீங்க, எந்த ஃபாசில்னும் போடுங்க

கடலடி மண்ணுல கோர் (குழாய் இறக்கி எடுக்குற நீளமான மண் தூண்) எடுத்து, அதுல கெடக்குற நுண்ணிய ஃபாசிலை வச்சு வயசு கணக்கு போடுற ஆய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம். பாதி நாள் மைக்ரோஸ்கோப்லயே கண்ணை வச்சிட்டு கெடக்குற ஆளு நானு, நீங்க போடுற டேபிளை நம்பித்தான் என் வேலையே ஓடுது, அந்த உரிமையில கேக்குறேன். ஆழம், பக்கத்துல வயசு, அவ்ளோதானா?

போன மாசம் ஒரு டேபிள்ல 42 மீட்டர், 19.3 லட்சம் வருஷம்னு இருந்துச்சு. டிஸ்கோஆஸ்டர் பிரவுவெரிங்குற நட்சத்திர வடிவ நுண் சுண்ணாம்பு ஃபாசில் அழிஞ்சுபோன காலம் அதுன்னு நம்மாளுங்களுக்கு பாத்ததும் புரிஞ்சிரும். ஆனா அதை கடைசியா எந்த சாம்பிள்ல பாத்தீங்க, மேல எந்த சாம்பிள்ல காணோம்? எழுதவே இல்ல. கேட்டா நடுவுல ஒன்றரை மீட்டர் பாக்கவே இல்லையாம். ஆயிரம் வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் மண்ணு படியிற இடம் அது, அப்போ 75,000 வருஷம் அந்த இடைவெளியில தொங்குது, டேபிள்ல மட்டும் புள்ளி வச்சு 19.3!

இன்னொண்ணு. பல்குச்சி நுனியில துளி மண்ணு எடுத்து ஸ்லைடுல தடவிப் பாத்தா, கை எல்லாம் குடை மாதிரி வளைஞ்ச ஒரே ஒரு பிரவுவெரி நட்சத்திரம் தேய்ஞ்சுபோய் கெடக்கும். அது பழைய மண்ணு அரிச்சு வந்து கலந்ததா இருக்கலாம். அதனால ஒண்ணு கெடச்சுதா நூறு கெடச்சுதான்னு எண்ணிக்கையும் போடுங்க. ஒண்ணுமே கெடைக்கலன்னாலும் அழிஞ்சிருச்சுன்னு முடிவு கட்டிறாதீங்க, ரொம்ப ஆழமான இடத்துல சுண்ணாம்பு ஓடெல்லாம் கரைஞ்சே போயிரும், அங்க ரேடியோலேரியா, டயாட்டம் மாதிரி சிலிக்கா ஓடுகளைத்தான் தேடணும்.

எந்தக் கடல்னும் சொல்லணும்ங்க. குளோபிஜெரினாய்டஸ் ரூபர்னு சுண்ணாம்பு ஓட்டோட கடல்ல மிதக்குற ஒத்தை செல் உயிரு ஒண்ணு இருக்கு, அதுல ரோஸ் கலர் வகை இந்தியப் பெருங்கடல்லயும் பசிபிக்லயும் சுமார் 1,20,000 வருஷம் முன்னாடியே காணாம போச்சு, அட்லாண்டிக்ல இன்னிக்கும் ஜோரா மிதக்குது. அங்க அந்த ரோஸ் ஓட்டை வச்சு வயசு சொன்னா எப்டி இருக்கும்?

42 மீட்டர்காரங்க இதைப் படிச்சா, அந்த ஒன்றரை மீட்டர் மண்ணு இன்னும் உங்ககிட்டதான் இருக்கும், 10 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்லைடா போட்டு அனுப்புங்க, நானே உக்காந்து எண்ணித் தர்றேன்.