விதை ரொட்டி செங்கல்லாவது ஏன்?

ஆசிரியருக்கு,

வீட்டில் சுட்ட விதை ரொட்டி செங்கல்லாகிவிட்டால் எல்லாரும் ஈஸ்ட்டைத்தான் திட்டுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் விதை. ஆளியும் எள்ளும் உலர்ந்தபடியே விழுந்தால் மாவின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆளி, எள், சூரியகாந்தி, பூசணி எல்லாம் சேர்த்து 100 கிராம் விதைக்கு 100 மி.லி. கொதிநீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

கோதுமை மாவு 300 கிராம், மைதா 200 கிராம், தண்ணீர் 340 மி.லி., உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். பிசைந்த மாவு கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். சப்பாத்திப் பதம் வரட்டும் என்று மேலும் மாவு தூவுவது அடுத்த தவறு. பத்து நிமிடம் பிசைந்தபின் கடைசியாக விதை. முன்பே போட்டால் மாவின் இழை அறுந்துபோகும். நம் ஊர் வெயிலில் முக்கால் மணி நேரத்தில் இரு மடங்காகும். டின்னில் இட்டு, விளிம்பை எட்டியதும் ஓவனில் வைத்துவிடுங்கள். தாமதித்தால் நடுவில் அமுங்கும். 200 டிகிரியில் 40 நிமிடம்.

சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். வறுபட்ட எள் வாசனை வீடெல்லாம் பரவியிருக்க, இரண்டு மணி நேரம் கத்தியைத் தொடாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை!

– வாசகர், கோவை