நம்ம இசை கேட்கிற வட்டத்தோட ஆண்டறிக்கை: இந்த வருஷம் முழுக்க பெய்ரூட்

எல்லாருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கை சுருக்கமா இருக்கணும்னு தலைவர் போன பொதுக்குழுவிலயே சொல்லிட்டாரு, முயற்சி பண்றேன், ஆனா இந்த வருஷம் எடுத்துக்கிட்ட விஷயம் கொஞ்சம் பெருசு.

நிர்வாக சமாச்சாரத்த மொதல்ல முடிச்சிடறேன். கூட்டமெல்லாம் வழக்கம்போல ஷார்ஜா ரோலா பக்கம் உபதலைவர் அக்கா வீட்டு ஹால்லதான். வெள்ளிக்கிழமை ஷார்ஜாக்காரங்களுக்கு லீவு, துபாய்ல வேலை பாக்குறவங்களுக்கு அரை நாள் ஆபீஸ், அவங்க அல் இத்திஹாத் ரோடு டிராஃபிக்க தாண்டி வந்து செருப்ப கழட்டறதுக்குள்ள இங்க ஒரு ஆல்பமே ஓடி முடிஞ்சிருது, அதனால இனிமே சனிக்கிழமைனு கமிட்டி முடிவு பண்ணிருக்கு. ஆட்சேபணை இருந்தா இன்னிக்கே சொல்லிடுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். அரபு நாட்டுல இத்தனை வருஷம் குப்பை கொட்டுறோம், டாக்ஸில ஓடுற பாட்டையும் காலைல லெபனான் பாடகி ஃபைரூஸையும் தவிர என்ன தெரியும்னு போன வருஷம் ஒருத்தர் கேட்டாரு, யாராலயும் பதில் சொல்ல முடியல. அதான் ஒரே ஒரு ஊர எடுத்துக்கிட்டு அங்க இசையில இப்ப என்ன நடக்குதுனு வருஷம் பூரா கேக்கலாம்னு லெபனான் தலைநகர் பெய்ரூட்ட பிடிச்சோம்.

ஆரம்பிச்சது இர்திஜால்ங்கற இசைத் திருவிழால. 2000-ல மாஸென் கெர்பாஜ், ஷரீஃப் செஹ்னாவினு ரெண்டு பசங்க, உள்நாட்டுப் போர் தொடங்குன 1975-ஐ ஒட்டிப் பொறந்தவங்க, எதையும் எழுதி வைக்காம மேடையிலயே உண்டாக்கி வாசிக்கிற ஒரு கச்சேரி வச்சாங்க, அடுத்த வருஷமே அது திருவிழாவாச்சு. 25 வருஷம் ஆகியும் நடந்துக்கிட்டிருக்கு. நம்ம ஊர் கல்பனாஸ்வரம் மாதிரிதானேனு ஒரு உறுப்பினர் ஆரம்பிச்சாரு, இல்லைங்க, அங்க ராகம் தாளம்னு வேலி இருக்கு, இவங்க வேலியையே பிடுங்கிட்டு ஆடுறாங்கனு இன்னொருத்தர், அந்த வாக்குவாதம் வாட்ஸ்அப்ல பல நாள் ஓடுச்சு.

கெர்பாஜ், செஹ்னாவி கூட ராயெத் யாசினும் சேர்ந்த 'ஏ' ட்ரியோவ ஒரு கூட்டத்துல போட்டோம். ட்ரம்பெட், கிட்டார், டபுள் பாஸ், கரண்ட் கருவி ஒண்ணுமே கிடையாது. ஆனா கெர்பாஜ் ட்ரம்பெட்ல ரப்பர் ட்யூப் மாட்டி முழங்காலுக்கு நடுவுல வச்சு ஊதுவாரு, செஹ்னாவி கிட்டார மடியில படுக்க வச்சு குச்சியால தட்டுவாரு. பாதியில வாட்ச்மேன் வந்து கதவ தட்டி, உங்க ஏசி கம்ப்ரஸர் போயிருச்சா மேடம்னு கேட்டாரு. அன்னிக்கு கிடைச்சதுலயே அதான் நேர்மையான விமர்சனம்.

அடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2006 ஜூலைல இஸ்ரேல் விமானங்க பெய்ரூட்ல குண்டு போட்டுக்கிட்டிருந்தப்ப கெர்பாஜ் தன் வீட்டு பால்கனியில நின்னு ட்ரம்பெட் வாசிச்சு அப்படியே பதிவு பண்ணாரு, 'ஸ்டாரி நைட்'னு பேரு. குண்டு விழுது, உடனே கார் அலாரம் எல்லாம் அலறுது, நாய் குரைக்குது, அதுக்கு நடுவுல ட்ரம்பெட் மூச்சு மாதிரி மட்டும் வருது, சண்டை போடல, அழல. இது இசையே இல்ல, இத விமர்சனம் பண்ணக்கூடாதுனு சிலர் சொன்னாங்க. யாழ்ப்பாணத்து அண்ணன் மட்டும், "நாய் குலைக்கிறது அப்பிடியேதான் இருக்கு தம்பி, திரும்பப் போடுங்கோ"னாரு. போட்டோம். எனக்கென்னவோ அந்த நாள்லதான் இந்த வட்டம் எதுக்குனு புரிஞ்சுது, ஆனா இது அறிக்கை, அதனால மேல போறேன்.

நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. அங்க இதுக்கெல்லாம் அரசாங்கத்துக்கிட்ட இருந்து சொல்லிக்கிற மாதிரி ஆதரவு வரல, தேவைப்பட்டத எல்லாம் வாசிக்கிறவங்களே கட்டிக்கிட்டாங்க. வெளியிட ஆள் இல்லையா, 2005-ல கெர்பாஜ் அல் மஸ்லக்னு லேபிள் ஆரம்பிச்சாரு. பதிவு பண்ண இடம் இல்லையா, ஃபாதி தப்பால் டியூன்ஃபோர்க் ஸ்டுடியோ. ஸியாத் நௌஃபல் ரேடியோல நிகழ்ச்சி நடத்தி அதுல இருந்தே ரப்சர்ட் லேபிள் வந்துச்சு. செஹ்னாவியும் யாசினும் ஹாதெம் இமாமோட சேர்ந்து அன்னிஹாயானு இன்னொரு லேபிள். எல்லாத்துலயும் அதே பத்து இருபது முகம், இன்னிக்கு மேடையில வாசிக்கிறவர் நாளைக்கு வாசல்ல டிக்கெட் கிழிப்பாரு. கலைக்கு நிதி குடுக்க 2007-ல அஃபாக்னு அரபு நாடுகளுக்கான அமைப்பு வந்துச்சு, அதுக்கும் ஆபீஸ் பெய்ரூட்தான், ஐரோப்பிய அமைப்புகளோட காசும் வருது. வெளிக்காசு நின்னா என்ன ஆகும்னு பொருளாளர் கேட்டது நியாயமான கேள்வி.

ஏன்னா உள்ளூர்க் காசு செத்துப்போச்சு. ஒரு டாலருக்கு 1,507.5 லெபனான் பவுண்டுனு 1997-ல இருந்து கட்டி வச்சிருந்தாங்க, 2019 கடைசியில அந்தக் கட்டு அவுந்து நோட்டு மதிப்பு 90 சதவீதத்துக்கு மேல போயிருச்சு, பேங்க்ல போட்ட பணத்த எடுக்க முடியல, கரண்ட் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் வந்தா பெருசுங்கற நிலைமை வந்துச்சு, ஒரு கச்சேரி வைக்கணும்னா ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்குமானு மொதல்ல பாக்க வேண்டியிருந்துச்சு. அதுக்கு மேல 2020 ஆகஸ்ட் 4, துறைமுகத்துல கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சு 200 பேருக்கு மேல செத்தாங்க, பக்கத்துலயே இருக்குற ஜெம்மாய்ஸே, மார் மிக்காயில்தான் பாரும் கேலரியும் ஸ்டுடியோவும் நெறைஞ்ச ஏரியா. அப்பவும் டியூன்ஃபோர்க்தான் முன்ன நின்னு பெய்ரூட் மியூசிஷியன்ஸ் ஃபண்ட்னு ஒண்ண ஆரம்பிச்சு, கருவி உடைஞ்சவங்களுக்கு உதவி பண்ணுச்சு. ஊர விட்டுப் போனவங்களும் இருக்காங்க, கெர்பாஜ் 2015-லயே பெர்லினுக்கு போயிட்டாரு. இருக்கறவங்களும் புதுசா பண்றாங்க, சனம்ங்கற குழுவோட மொத ஆல்பம் 2023-ல வந்தது, அத இன்னும் கேக்காதவங்க தயவுசெஞ்சு கேளுங்க.

ஒரு உறுப்பினர் கடுமையா ஒண்ணு சொன்னாரு, அதையும் பதிவு பண்ணணும். இதெல்லாம் ஃப்ரெஞ்ச் பேசற வசதியான வீட்டுப் பசங்க விளையாட்டு, தெருவுல ஓடுற இசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லனு. பாதி உண்மைனு எனக்கும் படுது. மீதிப் பாதிக்கு பதில் ப்ரேட்ங்கற குழு. ராயெத் யாசினும் ஸ்விஸ்காரர் பேட் கோங்காவும் எகிப்து கல்யாண வீட்டுலயும் மைக்ரோபஸ்லயும் ஓடுற ஷாபிங்கற ஜனங்க பாட்டோட கீபோர்ட எடுத்து அத மணிக்கணக்கா சுத்த விடுவாங்க. அவங்க பெரிய ஆர்கெஸ்ட்ராவா சேர்ந்து 2018-ல வாசிச்சது எங்கனு நெனைக்கிறீங்க, நம்ம ஷார்ஜாலதான், ஷார்ஜா ஆர்ட் ஃபவுண்டேஷன் ஏற்பாட்டுல. 2020-ல 'லைவ் இன் ஷார்ஜா'னு ரெக்கார்டாவும் வந்துச்சு. நம்மள்ல ஒருத்தரும் போகல, ஒருத்தருக்கும் தெரியக்கூட தெரியாது. அத போட்ட அன்னிக்கு மட்டும் குழந்தைங்க உள்ரூம்ல இருந்து ஆடிக்கிட்டே வெளிய வந்துச்சுங்க.

கமிட்டி வைக்கிற தீர்மானம் ரெண்டு. ஒண்ணு, ஸ்ட்ரீமிங்ல ஓசில கேட்டுட்டு போறத விட்டுட்டு வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு ஆல்பமாவது அந்த லேபிள்கிட்டயே நேரா காசு குடுத்து வாங்கணும். ரெண்டு, ஷார்ஜால எங்க என்ன கச்சேரினு பாத்து குரூப்ல போடற வேலைய ஒருத்தர் பொறுப்பா எடுக்கணும், பேர் குடுங்க.

அடுத்த வருஷம் கெய்ரோ. 1944-லயே ஹலீம் எல் தாப்ங்கற எகிப்து இசையமைப்பாளர், கம்பியில சத்தத்தப் பதியற வயர் ரெக்கார்டரத் தூக்கிட்டுப் போயி, ஆவி ஓட்டுற ஸார் சடங்க பதிவு பண்ணி, ரேடியோ ஸ்டேஷன்ல உக்காந்து அந்த சத்தத்த மாத்தி ஒரு உருப்படி பண்ணிருக்காரு, பாரிஸ்ல பதிவு பண்ண சத்தத்த வச்சு இசை பண்ற வேலை ஆரம்பிக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடி. அங்கிருந்து தொடங்கி மஹ்மூத் ரெஃபத்தோட 100காப்பீஸ் லேபிள் வழியா, 2020-ல எகிப்து இசைக்கலைஞர் சங்கம் தடை போட்ட மஹ்ரகானாத்ங்கற தெருப்பாட்டு வரைக்கும் போறதா திட்டம். அந்தத் தடைய பத்தி பேச அரபி நல்லா படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்.

பொருளாளர் கணக்கு இதுக்கப்பறம். கேள்விய அதுக்கப்பறம் வச்சுக்கலாம், பிரியாணி ஒன்றரைக்கு வருது.